மவுத் ஆர்கனுக்கு நூறு வாட்

சுற்று ஆயிரத்து நூறா, ஆயிரமா என்ற சந்தேகம் சலேத்மேரிக்கு நான்காவது தடவையாக வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். கரண்ட் வர இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை பொன்மலைப்பட்டி முழுக்க மின்சாரம் இருக்காது என்று பேப்பரிலேயே போட்டிருந்தார்கள். அவளும் படித்தாள், படித்துவிட்டு யாருக்கோ வந்த செய்தி என்று பக்கத்தைத் திருப்பிவிட்டாள். முப்பது வருஷமாக மோட்டார் வைண்டிங் கடை நடத்துகிறவள் கரண்ட் போகும் நாளைக் கவனிக்காமல் விடுவாளா? விட்டாள். காரணம் மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. பலகையில் அடித்துக் கறுப்பு ரெக்சின் ஒட்டிய பெட்டி, முன்பக்கம் முரட்டுத் துணி, துணிக்குப் பின்னால் பத்து அங்குல ஸ்பீக்கர் நாலு, மேலே வரிசையாகப் பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வுகள். நூறு வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர், அதுவும் மவுத் ஆர்கன் வாசிப்பதற்கென்றே செய்தது. இந்தக் கிறுக்கு இந்த ஊரில் வேறு யாருக்காவது பிடித்திருக்குமா என்று நேற்று நினைத்துச் சிரித்தாள், இன்றைக்கு அதே நினைப்பு கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மருமகள் ஜெசிந்தா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமை அரை நாள், ஒன்றரைக்கு வந்துவிடுவாள். கரண்ட் வந்ததும் இதில் வாசித்துப் பார்க்க வேண்டும். நாளை சாயங்காலம் தில்லைநகரில் ஒரு கல்லூரி அரங்கத்தில் டிரம்ஸ், பேஸ், கிடார் மூன்றுக்கும் நடுவில் நின்று வாசிக்கப் போகிறவள் அவள். சத்தம் கேட்டால் புதிதாகச் சேர்ந்த அந்த இசைக்குழுவில் இருப்பாள். கேட்காவிட்டால் என்ன என்பதை டிரம்ஸ் அடிக்கிறவன் போன மாதமே சொல்லிவிட்டான்: "உன் வாத்தியம் போட்டோலதான் தெரியுது, காதுல விழல."

இந்த ஆயிரமும் ஆயிரத்து நூறும் வந்தது அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரால். வால்வுகளின் சக்தியை ஸ்பீக்கருக்கு இறக்கிக் கொடுப்பது அது, வால்வு ஆம்புக்கு அதுதான் உயிர். வாங்கினால் வந்து சேர இருபது நாள், வந்தாலும் அடுத்தவன் சுற்றியது, சலேத்மேரிக்கு அடுத்தவன் சுற்றியதில் நம்பிக்கை கிடையாது. தானே சுற்றினாள். இரண்டு பாதி, ஒரு பாதி தள்ளும்போது மறுபாதி இழுக்க வேண்டும், இரண்டும் சரிசமமாக ஆயிரத்து நூறு சுற்று, அடுக்குக்கு அடுக்கு காகிதம், சமமில்லாவிட்டால் ஸ்பீக்கர் உம்மென்று இரையும். கைமிஷினில் சுற்றை எண்ணுகிற கருவியில் பல் உடைந்து வருஷமாகிறது, அதை அவள் மாற்றவே இல்லை, வாய்தான் எண்ணும், நூறு ஆனதும் ஷட்டரில் சாக்பீஸால் ஒரு கோடு. அவள் எண்ணும்போது பேசக் கூடாது என்பது தெருவுக்கே தெரியும். தோளில் மோட்டாரோடு வாசலில் வந்து நிற்பார்கள், கோடு விழும், அதற்கப்புறம்தான் "அக்கா" என்பார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டாவது பாதி சுற்றியபோது யாரும் வரவில்லை, யாரும் கூப்பிடவில்லை, அவளாகத்தான் கெடுத்துக்கொண்டாள். அறுநூற்று நாற்பது, நாற்பத்தொன்று என்று போய்க்கொண்டிருந்தபோது ஜெசிந்தா இதில் வாசித்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கை நிற்கவில்லை, வாய் மட்டும் நின்றது. பிறகு எழுநூறுக்கு ஒரு கோடு போட்டாள். அது சரியான கோடா, ஒரே நூறுக்குப் போட்ட இரண்டாவது கோடா? கோட்டை எல்லாம் அன்றைக்கே துடைத்தாயிற்று, சுருளில் வார்னிஷ் ஊற்றிக் காயவைத்தும் ஆயிற்று. மீட்டரை வைத்துப் பார்த்தாள், மீட்டருக்கு பேட்டரி போதும். உள்பாதி தொண்ணூற்றிரண்டு ஓம்ஸ். வெளிப்பாதிக்குச் சுற்றளவு பெரிது, கம்பி கூடத் தின்னும், ஆகவே ஆயிரத்து நூறு என்றால் நூற்றுப் பத்து காட்ட வேண்டும், ஆயிரம் என்றால் நூறு. மீட்டர் காட்டியது நூற்றைந்து. நூற்றைந்து! நடுவில் நின்று கழுத்தை அறுக்கிற எண் அது. மீட்டரைத் தட்டினாள், ஊதினாள், மறுபடி வைத்தாள், அது நூற்றைந்திலேயே பிடிவாதமாக நின்றது.

எண்ணிக்கை தப்புவது அவளுக்குப் புதிதில்லை, ஒரு தடவை தப்பியதுதான் இவ்வளவுக்கும் ஆரம்பம். மகன் சேவியோவுக்குக் கல்யாணமாகி ஏழாவது நாள். போத்தனூர்ப் பெண், ரயில்வே கார்டு மகள், பார்க்க அமைதி. சலேத்மேரி ஒரு ஸ்டெபிலைசர் சுருளோடு உட்கார்ந்திருந்தாள், நானூற்று எண்பத்து மூன்று, எண்பத்து நாலு, அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ஊதுகிற சத்தம்தான், ஆனால் அழுத்திப் பிடித்து இழுத்து வளைத்து, யாரோ தொண்டைக்குள்ளிருந்து பேசுவது மாதிரி. எண்பத்து நாலுக்கு அப்புறம் என்ன எண் என்று அவளுக்கு மறந்துபோயிற்று. "யாரது ஊதுறது? எண்ணிக்கிட்டிருக்கேன்ல!" என்று அங்கிருந்தே கத்தினாள். அவள் கத்தல் தெருமுனை மாவு மில் வரைக்கும் போகும், அந்த விஷயத்தில் அவளுக்கு ஆம்ப் தேவையே இல்லை. சத்தம் நின்றது. அதற்கப்புறம் அந்த வீட்டில் அது எழவே இல்லை. மருமகள் மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, மூச்சை அடக்கி வாசிக்கிறாள் என்பது ஒரு மாதம் கழித்துத் துணி எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. சலேத்மேரி துணியை எடுக்காமலே இறங்கி வந்துவிட்டாள். உன்மேல் கோபமில்லையம்மா, எண்ணிக்கை தப்பிவிட்டது என்கிற கோபம்தான், நீ வாசி, கதவைத் திறந்து வைத்து வாசி, இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எட்டு மாதம் ஆயிற்று, இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் போவாள், தொண்டை வரை வரும், வாயைத் திறந்தால் "சாப்பிட்டியா?" என்றுதான் வெளியே விழும். மருமகளும் "சாப்பிட்டனுங்க அத்தை" என்பாள். இப்படி எட்டு மாதத்தில் எத்தனை தடவை சாப்பிட்டாயா கேட்டிருப்பாள், அந்தப் பெண் இந்த மாமியாருக்குச் சோற்றைத் தவிர வேறு நினைப்பே கிடையாது என்று முடிவு கட்டியிருக்கும்.

டிரம்ஸ்காரன் சொன்னதைச் சேவியோ ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் போட்டு உடைத்தபோது, யாரும் கேட்காமலே "நான் செஞ்சு தர்றேன்" என்று சொன்னவள் அவள்தான். வாய் சொல்லிவிட்டது, பிறகுதான் மூளை விழித்தது. இன்டர்நெட்டில் ஒரு கிடார் ஆம்ப் சர்க்யூட் கிடைத்தது, பொன்மலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய வால்வுகளும், உள்ளங்கைக்குள் அடங்கும் பழைய உருண்டை மைக் ஒன்றும் கிடைத்தன. செய்தாள். வால்யூமை இரண்டுக்கு மேல் திருப்பினால் ஊளை. ஸ்பீக்கர் கத்தியது, தெருநாய்கள் பதில் சொல்லின, மருமகள் மைக்கைப் பிடித்தபடி ஏதோ தான்தான் தப்புச் செய்த மாதிரி நின்றாள். "எப்படிம்மா இருக்கு?" "நல்லா இருக்குதுங்க அத்தை." சலேத்மேரிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. நல்லா இருக்கிறதாம்! மோட்டார் கெட்டால் மோட்டாரே சொல்லும், சுடும், கருகும், கடகடக்கும். மோட்டார்க்காரனுக்குக் குறை இருந்தால் கேட்கவே வேண்டாம், வாசலில் நின்று மூன்று தலைமுறையை இழுப்பான். இந்தப் பெண்ணிடமிருந்து மட்டும் ஒரு குறை வராது. சோதித்துப் பார்க்க ஒருநாள் உப்பே போடாமல் குழம்பு வைத்தாள். மகன் முதல் வாயிலேயே தட்டைத் தள்ளினான். மருமகள் முழுதாகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "நல்லா இருந்ததுங்க" என்றாள். அன்றைக்கு ராத்திரி சலேத்மேரி ரொம்ப வருத்தப்பட்டாள். குழம்புக்காக இல்லை. தன்னிடம் ஒரு குறையைச் சொல்லக்கூட இந்தப் பெண்ணுக்குப் பயம், அந்தப் பயத்தை வைத்தது தன் வாய். காது எங்கே வலிக்கிறது, எந்த இடத்தில் சத்தம் செத்துப்போகிறது என்று வாசிக்கிறவள் சொன்னால்தானே கண்டென்சரை மாற்றலாம், ரெசிஸ்டரை மாற்றலாம்? ஆம்பைப் பார்த்துத் திட்டட்டும், தன்னையே திட்டட்டும், ஒரு தடவை "நல்லா இல்லை" என்று சொல்லட்டும், அது போதும் என்று அவள் சலேத் மாதா கோயிலில் நிஜமாகவே வேண்டிக்கொண்டாள். மருமகள் வாயிலிருந்து குறை கேட்க வேண்டும் என்று மாதாவிடம் மெழுகுவத்தி ஏற்றிய மாமியார் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

மருமகள் சொல்லாததைத் தானே தெரிந்துகொள்வது என்று முடிவு செய்து ஒரு மவுத் ஆர்கன் வாங்கினாள். போன வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து ஊதினாள். என்ன ஊதினாள் என்று கேட்காதீர்கள். எதிர்வீட்டு டெய்லர் ஓடிவந்து, உள்ளே பூனை மாட்டிக்கொண்டதா என்று ஷட்டரைத் தட்டினார். "ஒண்ணுமில்ல, போங்கண்ணே" என்று அனுப்பிவிட்டு மறுபடி ஊதினாள், இந்தத் தடவை மைக்கையும் ஆர்கனையும் சேர்த்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, ஜெசிந்தா பிடிக்கிற மாதிரியே. உள்ளங்கை அதிர்ந்தது. அந்தச் சுகம் அதுவரை அவளுக்குத் தெரியாது, கைக்குள் ஒரு உயிர் துடிப்பது மாதிரி இருந்தது, ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு புதுச் சுகம்! இரண்டு கை போதாமல் இன்னும் இறுக்கினாள், ஆம்ப் ஊளையிட்டது, கையைத் தளர்த்தினாள், அடங்கியது. அப்போதுதான் பிடிபட்டது. கிடாரை யாரும் பொத்திப் பிடிப்பதில்லை. இங்கே பொத்திய கைக்குள் மைக் ஸ்பீக்கரையும் சேர்த்துக் கேட்கிறது, கேட்டதை முதல் வால்வு நூறு மடங்காக்குகிறது, அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போகிறது, மறுபடி மைக்குக்கு வருகிறது. சத்தம் போதவில்லை என்று எல்லோரும் முன்பக்கத்தைக் கூட்டுகிறார்கள், செய்ய வேண்டியது நேர்மாறு. முன்னால் குறை, பின்னால் கூட்டு. நூறு மடங்கு வால்வைப் பிடுங்கிவிட்டு இருபது மடங்கு வால்வைச் செருகினாள், கடைசியில் இரண்டு பவர் வால்வு இருந்த இடத்தில் நாலு வைத்தாள், அதற்கேற்றபடி பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் என்று ஆரம்பித்தாள். சின்னதாக வந்ததை வாங்கிய உடனே நூறு மடங்காக்கி ஊளையிடுவது யாருடைய குணம் என்று யோசித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க அவள் பாடிக்கொண்டே வேலை செய்தாள்.

மணி ஒன்றேகால். ஃபேன் இல்லாத கடைக்குள் வார்னிஷ் வாடை தலைக்கு ஏறியது, ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சுற்றுக் கணக்கை ஒதுக்கி வைத்த இடத்தில் இப்போது வேறொன்று வந்து உட்கார்ந்தது, எர்த். உள்ளே நானூற்றைம்பது வோல்ட் ஓடும். மைக் ஓடு இரும்பு, அதைப் பிடிப்பது வெறும் கை. ஆர்கன் மூடி பித்தளை, அதில் படிவது உதடு. எர்த் சரியில்லாமல் உள்ளே எங்கேயாவது ஒரு கம்பி பெட்டியைத் தொட்டுவிட்டால்? அந்தப் பெண்ணின் உதடு அவளுக்குக் கண்ணில் தெரிந்தது, கீழுதட்டின் இடது ஓரத்தில் சின்னதாகத் தடித்திருக்கும், வாசித்து வாசித்து வந்தது. மூன்று முள் பிளக்கைக் காலையிலிருந்து மூன்று தடவை பிரித்துப் பார்த்தாயிற்று, நான்காவது தடவையும் பிரித்தாள், பச்சைக் கம்பி இருக்கிற இடத்தில்தான் இருந்தது. அப்போதும் மனசு கேட்கவில்லை. ஒரு குடம் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் எர்த் குழியில் ஊற்றினாள். தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டு இறங்கியது. வெயில் தலையைப் பிளந்தது, அவளுக்கு அது உறைக்கவில்லை, இன்னொரு குடம் ஊற்றினாள். நாளைக்கு அந்தக் கல்லூரி அரங்கத்தில் எர்த் எப்படி இருக்குமோ, டெஸ்டர், சீரியல் பல்பு எல்லாம் எடுத்துக்கொண்டு தானும் கூடப் போய்விட வேண்டியது. ஸ்டேஜில் மாமியாருக்கு என்ன வேலை என்று எவனாவது கேட்கட்டும், அப்போது தெரியும் அவனுக்கு எத்தனை வாட் என்று. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஜெசிந்தா தெருவில் வந்துகொண்டிருந்தாள்.

"எர்த்துக்குங்களா அத்தை?" என்று கேட்டாள் ஜெசிந்தா. வீட்டில் வைண்டிங் கடை இருந்தால் எட்டு மாதத்தில் இதெல்லாம் தெரிந்துவிடும். "ஆமா. சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுச் சலேத்மேரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் உள்ளே போய் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டார்கள், உப்பு சரியாக இருந்தது. பிறகு கடைக்கு வந்து ஆளுக்கொரு ஸ்டூலில் ஆம்புக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். இரண்டு மணி. கரண்ட் வரவில்லை. இரண்டு ஐந்து, வரவில்லை. சொல்லிவிடலாமா, இப்போது சொன்னால் என்ன, அன்றைக்குக் கத்தியது எண்ணிக்கைக்காகத்தான் என்று, கரண்ட் இல்லாத இந்த அமைதியில் சொன்னால் தெளிவாகக் கேட்கும். வாயைத் திறந்தாள். "புழுக்கமா இருக்குல்ல?" என்றது வாய். "அப்படி ஒண்ணும் இல்லைங்க" என்றாள் மருமகள், நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது! இப்போது வாசிக்கும், முடித்ததும் ஆர்கனைத் துடைத்துக்கொண்டு அந்த மூன்று வார்த்தையைச் சொல்லும், நாளைக்கு மேடையில் போய் நிற்கும், அங்கே சத்தம் கேட்காவிட்டாலும் வீட்டுக்கு வந்து அதையே சொல்லும், அதோடு மாடித் தொட்டிக்குப் பின்னால் போய்விடும், ஒரேயடியாக. அதுதான் நிஜமான பயம், ஆயிரமும் ஆயிரத்து நூறும் எல்லாம் அதற்கு அப்புறம்தான். இரண்டு பன்னிரண்டுக்குத் தலைக்கு மேல் ஃபேன் ஒரு தடவை இழுத்துச் சுற்றத் தொடங்கியது, பக்கத்து வீட்டில் மிக்ஸி கத்தியது, தெரு முழுக்க டிவிகள் ஒரே நேரத்தில் பேசின.

சலேத்மேரி சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள். வால்வுகளின் அடியில் சிவப்பு மெல்ல ஏறியது. அரை நிமிஷம் கழித்து இரண்டாவது சுவிட்ச். புறங்கையால் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள், டெஸ்டரை வைத்துப் பார்த்தாள், மைக் ஓட்டைத் தொட்டாள், கடைசியில் அந்த இரும்பைத் தன் உதட்டிலேயே வைத்துப் பார்த்துவிட்டு மருமகள் கையில் கொடுத்தாள். ஸ்பீக்கர் பக்கம் காதை நீட்டினாள். உம்மென்ற சத்தம் ஒரு பொட்டுக்கூட இல்லை. இரண்டு பாதியும் சமம், சுற்று ஆயிரத்து நூறுதான், நான்கு நாள் தூக்கம் போனது வீண். ஜெசிந்தா வால்யூமை இரண்டில் வைத்தாள். "ஏழுல வை" என்றாள் சலேத்மேரி. அவள் நாலில் வைத்தாள். கண்ணை மூடி, இரண்டு கையையும் பொத்தி, உள்ளே இழுத்தாள். ஷட்டர் தகடு அதிர்ந்தது. ஆணியில் தொங்கிய கம்பிச் சுருள்கள் ஒன்றோடொன்று உரசின. அன்றைக்கு எண்பத்து நாலில் எண்ணிக்கையை மறக்கடித்த அதே சத்தம், ஆனால் அது அடுத்த அறையில் இருந்தது, இது நெஞ்செலும்புக்குள் இருந்தது. ஜெசிந்தா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள், தான்தானா அது என்று பார்ப்பவள்போல. ஊளை வரவில்லை. ஐந்து. ஆறு. இன்னும் இறுக்கிப் பொத்தினாள், இன்னும் வரவில்லை. ஏழு. எதிர்வீட்டு டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். அந்தப் பெண் இப்போது உட்கார்ந்திருக்கவில்லை, எழுந்து நின்று, காலை அகட்டி, தோளைக் குலுக்கி, ஒரு சுரத்தைப் பிடித்துக் கீழே கீழே வளைத்துக்கொண்டே போனாள், அதை விடவே மாட்டாள்போல இருந்தது. சலேத்மேரி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறோம் என்று அவளுக்கே நன்றாகத் தெரிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. பிறகு வாசிப்பு நடுவில் சட்டென்று நின்றது. ஜெசிந்தா ஆர்கனைத் துடைத்தாள். ஆம்பைப் பார்த்தாள். "நல்லா..." என்று ஆரம்பித்தாள். சலேத்மேரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லாவே இல்லைங்க அத்தை."

சலேத்மேரி கண்ணைத் திறக்காமலே, "என்ன?" என்றாள்.

"சத்தம் இருக்குதுங்க, அதெல்லாம் பயங்கரமா இருக்குது. ஆனா கீழ் மூணு ஓட்டையில கனமே இல்ல, வயிறே இல்ல. மேல போனா காதைக் குத்துது. நாளைக்கு இப்படியே வாசிச்சா தகரத்தைத் தட்டற மாதிரி இருக்கும்."

"முன்னாடி ஏன் சொல்லல?"

"முன்னாடி இது கேக்கவே இல்லீங்களே! ஊளைதான் கேட்டுச்சு. இப்பத்தான் என்ன இல்லைன்னு தெரியுது."

சலேத்மேரி பிளக்கைப் பிடுங்கினாள், பெட்டியின் பின்பலகையைக் கழற்றினாள், கண்டென்சரில் தங்கியிருந்த மிச்சக் கரண்ட்டை வடித்துவிட்டு சால்டரிங் அயனைச் சூடேற்றினாள். "நடுவுல இருக்குற கண்டென்சரை மாத்தினா கீழ வயிறு வரும். ஆனா ரொம்ப வந்தா டிரம்ஸோட போய் ஒட்டிக்கும், ஒண்ணும் புரியாது."

"ஒட்டட்டுங்க."

"ஒட்டட்டுமா? நீ என்ன இன்ஜினியரா?"

"வாசிக்கறது நானுங்க!" ஜெசிந்தாவின் குரல் சீலிங்கைத் தொட்டது. "பெருசா போடுங்க. இன்னும் பெருசு. அதோ, அந்த மஞ்சள் கலரு."

"அது போட்டா கொழகொழன்னு போயிடும்டி!"

"போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க அத்தை, போடறதுக்கு முன்னாடியே கத்தினா எப்படி?"

ஷிஃப்ட் முடிந்து வந்த சேவியோ வாசலில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றான். எட்டு மாதமாக எந்த நாள் வருமோ என்று அவன் பயந்துகொண்டிருந்தானோ, அந்த நாள் வந்துவிட்டதென்று முகம் வெளுத்திருந்தது. "அம்மா... ஜெசி... என்னாச்சு?"

"சண்டை போட்டுக்கிட்டிருக்கோம்" என்றாள் சலேத்மேரி, திரும்பிப் பார்க்காமல். "சாதம் மூடி வச்சிருக்கு, போட்டுச் சாப்பிடு." பிறகு மருமகளுக்கு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். "ம், சொல்லு. வேற என்னென்ன நல்லா இல்ல?"